அங்கணக்குழி: ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரின் பதில்கள்

எங்கள் கல்லிடைக்குறிச்சியில் பழைய வீடுகளின் அடுப்பங்கரையை ஒட்டி, பாத்திரம் கழுவுவதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும். அதற்கு அங்கணக்குழி என்று பெயர். சிங்க் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் என் வாயில் அந்தச் சொல்தான் வருகிறது. பத்தியின் பெயரும் அதுதான்.

சென்ற இதழில், "வீட்டைச் சுத்தம் செய்ய நான் கடையில் வாங்குவது சலவை சோடா, பார் சோப்பு, ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர், அவ்வளவே, மற்றதெல்லாம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் 'இயற்கை முறை'யில் தாங்கள் கெடுத்துக்கொண்ட பொருள்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள். பட்டியல்காரர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

*சிங்க்கில் சமையல் சோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றினால் அழுக்கு பொங்கி வந்துவிடும் என்று வீடியோவில் காட்டினார்கள். எனக்கும் நன்றாகப் பொங்குகிறது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கிறது. நான் வாங்கிய சோடா மட்டமானதா?*
இல்லத்தரசி, நாமக்கல்

உங்கள் சோடா நல்ல சோடாதான். அதை வினிகருக்குக் கட்டிவைத்ததுதான் தப்பு. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றது முடித்துவிடும். நீங்கள் பார்த்த பொங்கல், கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிற காட்சி. அது அடங்கியபின் சிங்க்கில் மிஞ்சுவது தண்ணீரும், சோடியம் அசிடேட் என்கிற ஒரு சாதுவான உப்பும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுப்பேன்: ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது 5 கிராம், 5 சதவீத வினிகரில் எவ்வளவைச் செயலிழக்கச் செய்யும்? விடை சுமார் 70 மில்லி. வீடியோவில் ஊற்றுகிற அரை டம்ளர் வினிகரும் அதனடியில் கிடக்கிற சோடாவும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே தீர்ந்துபோகின்றன. பார்ப்பதற்கு மட்டும் அழகாக இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பத்தியையே நீங்கள் படிக்க வேண்டியதில்லை (ஆசிரியர் மன்னிக்க). எண்ணெய்ப் பிசுக்கு, அடிப்பிடித்த பால், சட்டைக் காலர் அழுக்கு இவையெல்லாம் காரத்துக்கு இளகும். குழாயில் படிகிற உப்புக்கறை, துரு, பித்தளைக் களிம்பு, குளியலறைச் சுவரில் ஒட்டுகிற சோப்புப் படலம் இவையெல்லாம் அமிலத்துக்கு இளகும். கறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள்.

உங்கள் சிங்க்குக்கு: ஒரு செம்பு கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் காபி குடியுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேயுங்கள். சமையல் சோடாவைவிடச் சலவை சோடா வீரியமானது என்பதால் கையில் உறை போட்டுக்கொள்வது நல்லது. தோல் வறண்டு வெடிக்கும். இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, தண்ணீர் இறங்காமல் நிற்பதற்குக் காரணம் தலைமுடி என்றால் எந்த வேதியியலும் உதவாது. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுக்க வேண்டியதுதான்.

இரண்டு, அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கொதிக்க வைக்காதீர்கள். அலுமினியத்தின் மேலிருக்கிற காப்புப் படலத்தையே காரம் தின்றுவிடும். கல்யாணமான புதிதில் என் மாமியாரின் அலுமினியச் சட்டியைப் பளபளக்க வைக்கிறேன் என்று கறுப்பாக்கிக் கொடுத்தேன். "எம்.எஸ்ஸி. படித்த பெண்" என்று அதற்கப்புறம் அவர் என்னைக் குறிப்பிடும்போதெல்லாம் குரலில் ஒரு இழுவை இருக்கும்.

*ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து 'பயோ என்சைம்' போட்டேன். இரண்டாவது வாரம் பாட்டில் வெடித்துச் சமையலறை முழுக்கச் சிதறிவிட்டது. மறுபடி முயற்சி செய்யலாமா, விட்டுவிடலாமா?*
வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

நீங்கள் தனியாள் இல்லை. நான் ஓய்வுபெற்ற ஆண்டு, கையில் நேரம் மிகுந்துபோய் நானும் போட்டேன். அதுவும் கண்ணாடிப் பாட்டிலில், அதுவும் பரணில். நடு இரவு இரண்டு மணிக்கு 'டமார்' என்றது. என் கணவர் டார்ச் விளக்கையும் விறகுக் கட்டையையும் எடுத்துக்கொண்டு திருடனைத் தேடிப் புறப்பட்டார். திருடனுக்குப் பதில் அவர் தலையில் எலுமிச்சைத் தோல் சொட்டியது. முப்பத்து நான்கு வருடம் நொதித்தலைப் பற்றிப் பாடம் நடத்தியவள் மூடியை இறுக்கித் திருகி வைத்திருந்தேன்.

இது தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் என்ற பெண்மணி பரப்பிய முறை. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். உள்ளே நடப்பது இதுதான். தோலில் இருக்கிற ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று சாராயமும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குகிறது. பாட்டிலை வெடிக்க வைப்பது அந்த வாயு. பிறகு வேறு நுண்ணுயிர்கள் சாராயத்தைப் புளிக்க வைத்து அசிட்டிக் அமிலம் ஆக்குகின்றன. ஆகவே மூன்று மாதம் கழித்து உங்கள் கையில் இருப்பது, உள்ளபடி சொன்னால், பழத்தோல் வினிகர். என்சைம் என்ற பெயர் கம்பீரமாக இருக்கிறது. வேலையைப் பெரும்பாலும் செய்வது அமிலம். அதனால் உப்புக்கறைக்கு உதவும், எண்ணெய்ப் பிசுக்குக்கு அவ்வளவாக உதவாது. கல் தரையில் ஊற்றவே கூடாது. ஏன் என்று அடுத்த கேள்வியில் வருகிறது.

தோல் குப்பைக்குப் போகாமல் பயன்படுகிறதே என்பது நியாயமான வாதம். ஆனால் 300 கிராம் தோலைக் காப்பாற்ற 100 கிராம் வெல்லத்தைச் செலவிடுகிறோம். கரும்பு வளரவும் தண்ணீர் வேண்டும், வெல்லம் காய்ச்சவும் அடுப்பு எரிய வேண்டும். வீட்டில் உரத்தொட்டி இருந்தால் தோல் அதில் செலவில்லாமல் மக்கிவிடும். நான் இப்போது பிழிந்த எலுமிச்சை மூடியால் குழாயைத் தேய்த்துவிட்டு அதை உரக்குழியில் போடுகிறேன்.

விடாப்பிடியாகச் செய்வேன் என்றால்: பிளாஸ்டிக் பாட்டில், கால் பங்கு இடம் காலி, முதல் மாதம் தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். பரண் வேண்டாம்.

*எங்கள் அடுப்பு மேடை கடப்பாக் கல். எலுமிச்சை தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று தேய்த்து அரை மணி நேரம் ஊறவும் விட்டேன். இப்போது திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. எதைப் போட்டுத் துடைத்தாலும் அந்தக் கறை போகவில்லை.*
சத்துணவு அமைப்பாளர், ஸ்ரீவில்லிபுத்தூர்

அது கறை இல்லையம்மா. கல்லில் விழுந்த காயம். கடப்பாக் கல் சுண்ணாம்புப் பாறை. கால்சியம் கார்பனேட். கரும்பலகையில் எழுதிய பழைய சாக்பீஸுக்கு உறவு. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் அதன் மேற்பரப்பைக் கரைத்துவிட்டது. மெருகு போன இடம் வெளுத்துத் தெரிகிறது. துடைக்கத் துடைக்க உங்களுக்குக் கைதான் வலிக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாது. முழுக்கச் சரியாக வேண்டும் என்றால் கல் மெருகேற்றுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும்.

எங்கெல்லாம் எலுமிச்சை, புளி, வினிகர், மேற்படி பயோ என்சைம் படக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்பிள் அதே சுண்ணாம்பு இனம். மொசைக் தரை என்பது சிமென்டில் பதித்த மார்பிள் சில்லு. ஆத்தங்குடிக் கல்லும் சிவப்பு ஆக்சைடு தரையும் சிமென்டால் ஆனவை. சிமென்டும் அமிலத்துக்குத் தாங்காது. கிரானைட், வீட்ரிஃபைடு டைல்ஸ் இரண்டும் தாங்கும். உங்கள் கல் எந்த இனம் என்று தெரியவில்லையா? யாரும் பார்க்காத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மெல்லக் குமிழி கிளம்பினாலோ, துடைத்தபின் மெருகு மங்கினாலோ அமிலத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எங்கள் வீட்டுத் தார்சாவும் (முன்தாழ்வாரம்) பட்டாசலும் (கூடம்) சிவப்பு ஆக்சைடுதான். என் தாத்தா காலத்துத் தரை; முகம் பார்க்கலாம். என் அம்மா அதற்குச் செய்த பராமரிப்பெல்லாம் பச்சைத் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் பிசுக்குப் போகத் துடைப்பார். அன்று சாயங்காலம் வழுக்கி விழுகிற முதல் ஆள் யார் என்று எங்களுக்குள் பந்தயம் நடக்கும். கடைகளில் விற்கிற பாலியெஸ்டர் இழைத் துடைப்பான்கள் துவைக்கத் துவைக்க நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருப்பவை. பருத்தி வேட்டி அப்படிச் செய்யாது. கிழிந்தால் மட்கும்.

*எங்கள் போர்த் தண்ணீரால் குழாய், பக்கெட் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. ஆசிட் ஊற்றினால் போகிறது, ஆனால் குழாயின் பளபளப்பும் சேர்ந்து போகிறது. சோப்பும் நுரைப்பதில்லை.*
ஆசிரியர், ராமநாதபுரம்

இரண்டும் ஒரே வியாதி. தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கத்தக்கது; வேறு தண்ணீரே கிடையாது என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிவுக்கு: ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்து அதில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வையுங்கள். அவிழ்த்துத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையும் இதையே மெதுவாகச் செய்யும். வாரம் ஒரு முறை செய்தால் ஆசிட் தேவைப்படுகிற அளவுக்குப் படிவு ஏறாது.

நுரை வராததற்குக் காரணம், சோப்பு முதலில் அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் திரிந்துவிடுகிறது. கால்சியம் தீர்ந்த பிறகே அழுக்கைத் தொடும். நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் சோப்பு, இன்னும் கொஞ்சம் தூள். அதற்குப் பதில் துணி ஊறவைக்கிற பக்கெட்டில் முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கால்சியம் சுண்ணாம்பாக அடியில் இறங்கிவிடும். தெளிந்த நீரை மட்டும் வேறு பக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டு பிறகு சோப்பைப் போடுங்கள். முன்பு போட்டதில் பாதி போதும். எங்கள் தாமிரபரணிப் படித்துறையில் விரல்நுனி அளவு சோப்புக்கே கைகொள்ளாத நுரை வரும். அதே சோப்பைச் சென்னையில் என் மகன் வீட்டுப் போர்த் தண்ணீரில் தேய்த்தால் மெழுகைத் தேய்ப்பது போல இருக்கிறது.

*பூந்திக்கொட்டைச் சாறு எல்லா ரசாயன சோப்புக்கும் மாற்று என்கிறார்களே, உண்மையா? என் கணவர், "அது மீனைக் கொல்லும், வாங்காதே" என்கிறார்.*
மீனவர் குடும்பத்துப் பெண், தூத்துக்குடி

கடலை அறிந்தவர் சொல்லைக் கேளுங்கள். பூந்திக்கொட்டையில் நுரைப்பது சபோனின். மீனின் செவுளைத் தாக்கும். சபோனின் உள்ள தாவரங்களை இடித்துக் குட்டையில் போட்டு மீனை மயங்க வைத்துப் பிடிக்கிற வழக்கம் உலகத்தில் பல இடங்களில் இருந்திருக்கிறது. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் பரமசாது ஆகிவிடாது. அரளி விதையும் இயற்கைதான்.

அதற்காகத் தள்ளிவைக்கவும் வேண்டாம். சபோனின் மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். வீட்டில் ஒரு பக்கெட் அளவில் பயன்படுத்தி, மண்ணில் இறங்கும்படி ஊற்றினால் கவலை இல்லை. கிணற்றடியிலோ குளத்திலோ மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ ஊற்றாதீர்கள். செய்முறை எளிது. பத்துப் பன்னிரண்டு காயை உடைத்துக் கொட்டையை எடுத்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் இரண்டே நாளில் நாறும்; குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். கண்ணில் பட்டால் சீயக்காயைவிட மோசமாக எரியும்.

எதற்கு நல்லது? பட்டுப் புடவைக்கும் தங்க நகைக்கும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆசாரிகள் நகைக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். கம்பளிக்கும் ஏற்றது. வலை இழுத்துவிட்டு வந்தவரின் சட்டைக்குப் போதாது. அதற்குப் பார் சோப்புதான்.

*எங்கள் ஊர்க் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையில் நுரை மலைபோல் கிளம்புவதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் எங்கள் வீட்டு சோப்புத்தூளுக்கும் சம்பந்தம் உண்டா? 'ஹெர்பல்' என்று போட்ட தூளுக்கு மாறினால் போதுமா?*
கல்லூரி மாணவர், ஓசூர்

தம்பி, சம்பந்தம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டைவிட உங்களுக்கு மேலே இருக்கிற ஊருக்கு அதிகம் உண்டு. தென்பெண்ணை பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு உங்களிடம் வருகிறது. சோப்புப் பொருள் கலந்த நீர் மதகிலிருந்து விழும்போது காற்றோடு அடிபட்டு நுரைக்கிறது. தயிர் கடைகிற தத்துவம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் தீப்பிடித்தே எரிந்தது. ஏரி எரிந்தது என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. 2019இல் சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரையில் பிள்ளைகள் நுரையில் விளையாடியதையும் பார்த்தோம்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் இப்படித்தான் நுரைத்தன. அக்காலத்து டிடர்ஜென்ட் மூலக்கூறு கிளைகிளையாகப் பிரிந்தது. பாக்டீரியாவால் அதைக் கடித்துத் தின்ன முடியவில்லை. 1960களின் நடுவில், நேராக நீண்ட மூலக்கூறுக்கு மாறினார்கள். இன்று நம் கடைகளில் கிடைக்கிற தூள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பாக்டீரியாவுக்கு உணவாகும், ஆனால் அதற்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும், நீரில் பிராணவாயுவும், கொஞ்சம் நேரமும் வேண்டும். சாக்கடை நேரே ஆற்றில் விழுந்தால் இவற்றில் எதுவும் கிடைக்காது. தூளில் பாஸ்பேட் இருந்தால் அது தனிக் கதை. பாஸ்பேட் ஒரு உரம்; ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் நாம் செலவழித்துப் போடுகிற உரம்.

'ஹெர்பல்' என்ற சொல்லுக்கும் உறையில் அச்சடித்த வேப்பிலைப் படத்துக்கும் நான் ஒரு மார்க்கும் போட மாட்டேன். உறையைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். பாஸ்பேட் இல்லை என்று போட்டிருந்தால் நல்லது. மத்திய அரசு 1991லேயே 'ஈகோமார்க்' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது, மண்பானைதான் சின்னம். எங்கள் பஜாரில் கடை கடையாகத் தேடியும் ஒரு சோப்புத்தூளில்கூட அந்தப் பானையை நான் பார்க்கவில்லை.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது அளவுக் கரண்டியைப் பாதியாக்குவது. நுரை குறையும், அம்மா சந்தேகப்படுவார். அழுக்கு போயிருக்கிறதா என்று துணியைப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கெட்டைப் பார்க்க வேண்டாம்.

*சிறியவனுக்கு வாந்தி, பேதி. கழிவறையை வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீரால் கழுவினால் போதுமா? பிளீச்சிங் பவுடர் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்பதால் நாங்கள் வாங்குவதே இல்லை.*
ஒரு தாய், விழுப்புரம்

போதாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் பையன் தேறியிருப்பான் என்று நம்புகிறேன். ஆனாலும் அடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டிலும் அலமாரியின் மேல்தட்டில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது, இதற்காகத்தான் இருக்கிறது. வாந்தி, பேதியைப் பரப்புகிற கிருமிகளை மஞ்சள் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வெள்ளை டைல்ஸ் மஞ்சளாகும், அவ்வளவுதான்.

முதலில் அசுத்தத்தைத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிடுங்கள். அசுத்தத்தின் மேலேயே தூவினால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி, புது பிளீச்சிங் பவுடர். கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கையில் உறை வேண்டும். வருடக்கணக்காகத் திறந்து கிடந்த பொட்டலத்தில் குளோரின் பறந்துபோயிருக்கும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். வீட்டில் நோய் தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தினமும் ஊற்றினால் செப்டிக் டேங்கில் மலத்தைச் செரிக்கிற பாக்டீரியாக்களுக்குத்தான் ஆபத்து.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், கழிவறை கழுவும் திரவம், எலுமிச்சை, வினிகர் எதையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915இல் பெல்ஜியத்தின் இப்ரே போர்க்களத்தில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்டது இதே வாயு. அதை வகுப்பில் உருக்கமாக விவரித்துவிட்டு, அந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிட் ஊற்றிய கழிவறையில் "இன்னும் கொஞ்சம் சுத்தமாகட்டுமே" என்று பவுடரைத் தூவினேன். நெஞ்சை யாரோ கையால் பிடித்து முறுக்கியது போல இருந்தது. கதவு திறந்திருந்ததால் வெளியே ஓடிவந்தேன். மூன்று நாள் இருமல். திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் சளி என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

*நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் இரண்டாம் நாளே கறுத்துவிடுகிறது.*
வாசகி, மன்னார்குடி

புளியின் அமிலம் இடுக்குகளில் தங்கிவிடுகிறது. துலக்கியதும் சோப்பு நீரில் ஒரு முறை அலசி, ஈரம் ஒரு நொடிகூட நிற்காமல் துடைத்து, கடைசியாக உலர்ந்த விபூதியைத் தொட்டுத் தேயுங்கள்.

*பிரசவம் முடிந்து மகள் பேரனோடு வருகிறாள். பழைய குழந்தைத் துணிகளையெல்லாம் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். துவைத்துப் போடலாம் அல்லவா?*
பாட்டி, தேனி

முதலில் அந்த உருண்டைகளை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். அது நாப்தலின் என்றால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். உங்கள் பேரனுக்கு அந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. துணிகளை நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டு, வாசனை முழுக்கப் போகும்வரை துவைத்துப் பிறகு போடுங்கள். இனிமேல் பெட்டியில் காய்ந்த நொச்சி இலை, வேப்பிலை, ஒரு துண்டு வசம்பு துணியில் முடிந்து வையுங்கள். வசம்பைப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம்.

*நீங்கள் சொல்கிறபடி சலவை சோடாவுக்கு மாறிவிட்டேன். இனி அந்தக் கழுவுநீரைத் தைரியமாகத் தோட்டத்துக்கு விடலாமா?*
ஓய்வுபெற்ற தபால்காரர், சங்கரன்கோவில்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், ஐயா. சலவை சோடாவும் அப்படி ஒன்றும் யோக்கியம் இல்லை. அதில் சோடியம் இருக்கிறது. தினமும் ஒரே பாத்தியில் விட்டால் மண் இறுகி உவர்நிலம் போலாகும். உங்கள் பக்கத்துக் கரிசலில் இன்னும் மோசம். அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இரண்டையும் யோசிக்காமல் செடிக்கு ஊற்றலாம். சோடா கலந்த நீரை வாழை, கல்வாழை நிற்கிற பக்கம் விடுங்கள். வாரத்துக்கு வாரம் இடம் மாற்றுங்கள். கீரைப் பாத்தியில் வேண்டவே வேண்டாம்.

விறகடுப்பு இருக்கிறவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். சாம்பலின் காரம் பொட்டாசியத்திலிருந்து வருகிறது. அளவோடு போனால் செடிக்கு அது உணவு. என் அம்மா சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அங்கணக்குழியில் துலக்கிய நீர் நேரே கொல்லை வாழைக்குப் போனது. நான் கேஸ் அடுப்புக்காரி. எங்கள் வீட்டுத் தண்ணீர் தெருச் சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. அதனால்தான் கரண்டியை எண்ணி எண்ணிப் போடுகிறேன்.

*கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பாயில் காபி கொட்டிவிட்டது. எலுமிச்சையா, சோடாவா?*
புதுமணப்பெண், திருநெல்வேலி டவுண்

இரண்டும் வேண்டாம். கோரைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டுமே சாயத்தில் கைவைக்கும். கொட்டிய உடனே என்றால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கோரை ஓடுகிற வாக்கிலேயே துடைத்து, நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பூக்கும். காய்ந்துபோன கறை முழுக்கப் போகாது. எங்கள் வீட்டுப் பாயிலும் 1998ஆம் வருடத்துக் காபி ஒன்று இருக்கிறது. கொட்டியது யார் என்பதில் எனக்கும் என் கணவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.